வரேன், முதலாளி

கதவுக்கு உள்ளே மாத்திரை டப்பா, வெளியே வேலை, நடுவில் கணவர். ஒன்பது நாளாக இன்ஸ்பெக்டருக்குக் காலை இப்படித்தான் விடிகிறது.

டப்பாவில் வாரத்துக்கு ஏழு அறை. இன்றைய அறை காலியாக இருக்கிறதா என்று கணவர் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். பல்செட் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் வாய் மூடாது என்கிற தொழில். வீட்டிலும் எதையும் இரண்டு தடவை அளந்த பிறகே நம்புவார்.

"வாயைத் திறந்து காட்டவா? உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. தூக்க நோட்டைத் திருப்பிக் காட்டினார். நேற்று இரவுக்கு நேராக நாலரை மணி நேரம் என்று எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். அடுத்தடுத்து இரண்டு சிவப்புக் கோடு விழுந்தால் டாக்டருக்கு போன் போகும். அது வீட்டுச் சட்டம்.

ஒரு காலத்தில் இவளுக்கு ஸ்டேஷனில் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். மற்றவர்கள் தாண்டிப் போனதைக் குனிந்து எடுப்பவள். பிறகு மனசு ஏற ஆரம்பித்தது. மூன்று நாள் தூங்காமல் பதினெட்டு பஸ் டிக்கெட்டைச் சுவரில் ஒட்டி, எண்களைக் கூட்டிக் கழித்து, ஒரு பாவமும் அறியாத தலைமை ஆசிரியரை வகுப்பிலிருந்தே இழுத்து வந்தாள். ஏறின மனசு இறங்கவும் செய்தது. டாக்டர் அதற்கு வைத்த பெயர் பைபோலார். ஸ்டேஷன் இவளுக்கு வைத்த புதுப் பெயர் 'மாத்திரை மேடம்'.

இறங்கியிருந்த அந்த மாதங்களில் ஒரு நாள் மத்தியானம், செருப்பை மாட்டிக்கொண்டு "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே மெழுகு உருக்கிக்கொண்டிருந்த கணவருக்கு அந்த ஒரு சொல் காதில் தட்டியது. கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லையே. மெழுகுக் கையோடு, வெறுங்காலோடு தெருமுனை வரை ஓடிப் பிடித்துக் கூட்டி வந்தார். எங்கே போகக் கிளம்பினாள் என்று இன்று வரை அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து வாய் திறந்து 'வரேன்' என்று சொல்லாமல் இந்த வீட்டில் தாழ்ப்பாள் விலகாது. பால் வாங்கப் போனாலும் சரிதான்.

"லேட்டாகுது. தள்ளுங்க."

அவர் தள்ளவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபடி காத்திருந்தார்.

"வரேன்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரி, போயிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது. படி இறங்கினாள். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது.

'வரேன்.' உடனே கதவு சாத்தும் சத்தம்.

இதை எங்கேயோ படித்திருக்கிறாள். நேற்று சாயங்காலம். நாற்பத்தேழாம் பக்கம்.



மறுபடி வேலைக்குச் சேர்ந்தவளுக்குக் கொடுத்திருப்பது ரெக்கார்டு அறை. கோர்ட்டுக்குப் போகிற கோப்புகளுக்குப் பக்க எண் போட வேண்டும். படிக்கச் சொல்லவில்லை, எண் போடத்தான் சொன்னார்கள். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எண் மட்டும் எப்படிப் போடுவது?

நேற்று எண் போட்டது சலவைக்கடைக் கோப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சலவைக்கடை முதலாளி தன் மேஜைக்குப் பின்னால் மண்டை உடைந்து கிடந்தார். ஏழு மணிக்குத் துணி வாங்க வந்த ஒருவர்தான் முதலில் பார்த்தார். உயிர் போனது ஆறு மணியை ஒட்டி என்று மருத்துவர் எழுதியிருந்தார். அன்று காலையில் லீவு கேட்டு முதலாளியிடம் சத்தம் போட்ட இஸ்திரிக்காரரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள்.

'அஞ்சே முக்காலுக்கே கிளம்பிட்டேன். முதலாளி முன்பக்கம் யாரோடயோ பேசிட்டு இருந்தாரு. நடுவுல தொங்குற துணி மறைச்சுது, ஆளைப் பாக்கலை' என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. மாட்டினவர்கள் எல்லோரும் சொல்கிற கதைதானே.

நம்பாததற்குக் காரணம் நாற்பத்தேழாம் பக்கம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கும் தையல்கார அம்மாவின் வாக்குமூலம். இன்று காலையில் அலமாரியைத் திறந்ததும் அதைத்தான் எடுத்தாள்.

'மாலை ஐந்தே முக்கால் மணியளவில், இஸ்திரித் தொழிலாளி தாம் வருவதாக முதலாளியிடம் கூறியதைச் செவியுற்றேன். அதனைத் தொடர்ந்து பின்பக்கக் கதவு சாத்தப்படும் ஓசையும் கேட்டது.'

தாம் வருவதாகக் கூறினார். கதவு சாத்தப்பட்டது. ஆகவே அந்த நேரத்தில் உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார், அடித்தார். வழக்கே இந்த இரண்டு வரியில் நின்றது.

எந்தத் தையல்கார அம்மா 'செவியுற்றேன்' என்று பேசுவாள்? அவள் வாயிலிருந்து வந்தது என்ன? 'வரேன் முதலாளி' என்று ஒரு குரல், பிறகு கதவுச் சத்தம். அது வந்தவன் பேச்சா, கிளம்பினவன் பேச்சா? பேசினதைத் துவைத்து எழுதும்போது அர்த்தத்தையும் சேர்த்துத் துவைத்துவிட்டார்கள்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. அந்தப் படபடப்பைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. பஸ் டிக்கெட் நாட்களிலும் இப்படித்தான் அடித்தது.

அதற்கு டாக்டர் ஒரு அளவுகோல் கொடுத்திருந்தார். யோசனை வந்தால் உடனே யாரிடமும் ஓடக் கூடாது. நடுவில் ஒரு வேளைச் சாப்பாடு முழுசாகச் சாப்பிட வேண்டும். முடித்துவிட்டு மறுபடி பார்க்கும்போது யோசனை வீங்கியிருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அதே அளவில் இருந்தால் அது வேலை.

கோப்பு நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கிளம்பும். மத்தியானம் வரை காத்திருந்தால் நேரம் எங்கே இருக்கிறது? பதினோரு மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"மேடம், இதுக்குப் பேர் காலைச் சாப்பாடா, மத்தியானச் சாப்பாடா?" என்று கேட்டாள் ரெக்கார்டு அறைப் பெண் காவலர். மாத்திரையால் கை நடுங்குகிறது என்பது தெரிந்து, டீயை எப்போதும் முக்கால் கப் மட்டும் ஊற்றித் தருகிறவள்.

"மருந்து" என்றாள் இன்ஸ்பெக்டர். அவசரப்படாமல், ஒவ்வொரு வாயாக மென்று சாப்பிட்டாள். கை கழுவிக்கொண்டு வந்து நாற்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்தாள்.

அதே அளவில்தான் இருந்தது.



இனிமேல்தான் தலைவலி. அந்த வரிகளை எழுதிய ஸ்டேஷன் ரைட்டர் வேறு யாருமில்லை. அவளுடைய தம்பி.

தம்பி இரும்பு அலமாரியின் மேல் கோப்பை விரித்து, நின்றபடி எழுதிக்கொண்டிருந்தான். இடுப்பு வலி வந்த நாளிலிருந்து அவன் உட்காருவதே இல்லை. நாற்காலி போட்டால், "இருக்கட்டும், நிக்கிறதே சுகம்" என்பான். ஸ்டேஷனுக்கே அது பழமொழி ஆகிவிட்டது. லாக்கப்பில் இருப்பவர்கள்கூட அப்படிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவன் எழுத்துக்கு மேலிடத்தில் நல்ல பெயர். கோர்ட்டில் ஒரு முறை வாக்குமூலத்தின் தமிழைப் பாராட்டியது முதல் அவனுக்குத் தலை கால் புரியவில்லை. அடிபட்டு வந்தவன் 'ஐயோ' என்று அலறினாலும் 'அந்தோ' என்று எழுதக் கூடியவன்.

கோப்பைக் காட்டி, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். அந்தம்மா உண்மையில் சொன்ன வார்த்தை எது, முதலில் குறித்த கைநோட்டு எங்கே என்று. சரியாக எழுதின பிறகு கைநோட்டை யார் வைத்திருப்பார்கள், கிழித்துப் போட்டாயிற்று என்றான். 'வரேன்' என்பதைத்தான் 'வருவதாக' என்று மாற்றினாயா என்றாள். அவன் பேனாவை மூடினான்.

"அக்கா. காலைல மாத்திரை போட்டியா?"

சத்தமாகத்தான் கேட்டான். நாலு மேஜையும் நிமிர்ந்து பார்த்தது. யாரோ இருமினார்கள். யாரோ 'பஸ் டிக்கெட்' என்று முணுமுணுத்தார்கள்.

பசிக்கிறது என்றாலும் மாத்திரை போட்டாயா. புழுங்குகிறது என்றாலும் மாத்திரை போட்டாயா. ரெண்டும் ரெண்டும் நாலு என்று சொன்னாலும் அதே கேள்விதான் வரும். கோபப்பட்டால் ஏறிவிட்டது என்பார்கள், பேசாமல் இருந்தால் இறங்கிவிட்டது என்பார்கள். நோயாளிக்கு நடுவில் நிற்க ஒரு சாண் இடம் கிடையாது.

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லை" என்றாள்.

"மாமாகிட்ட பேசுறேன்" என்றான் தம்பி. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள். நாலரை மணி நேரம்தான் தூங்கினாளாமே, என்ன மாமா இது என்று அவன் கேட்பது நன்றாகவே காதில் விழுந்தது.



ரெக்கார்டு அறைக்காரர்கள் விசாரணைக்குப் போகக் கூடாது. எழுத்திலேயே இருக்கிறது. பெண் காவலர் பையிலிருந்து தன் மாற்றுச் சட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"பட்டன் போச்சு மேடம். தச்சுட்டு வாங்களேன். பட்டன் தைக்கிறதை யாரும் விசாரணைன்னு சொல்ல முடியாது."

தையல்கார அம்மாவின் கடை பத்தடிக்கு எட்டடி. ஒரு மோட்டார் மெஷின், ஒரு ஸ்டூல், சாக்குக்கட்டித் தூள் படிந்த பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கடை பூட்டிக் கிடந்தது. சீல் வைத்த அரக்கின் வாசனை இங்கே வரை வந்தது.

காதில் என்ன விழுந்தது என்று கேட்டால் விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள், நினைத்ததைத்தான் சொல்வார்கள். அது அவளுடைய பழைய பாடம். அதனால் பட்டன் தைத்து முடிகிற வரை வாயே திறக்கவில்லை. பிறகு, அன்றைக்கு அந்தப் பக்கம் பேசினவர்கள் மாதிரியே கொஞ்சம் பேசிக் காட்ட முடியுமா என்று கேட்டாள்.

அந்தம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. டேப்பை எடுத்துத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டாள். வாசல் பக்கமாக ஒரு அடி வைத்து, தலையைத் திருப்பி, களைத்த ஆண் குரலில், "வரேன் முதலாளி" என்றாள். உடனே நாடியை உள்ளே இழுத்துக் கனத்த குரலில், "ம். சரி, போயிட்டு வா" என்றாள். அதோடு நிற்கவில்லை. முகத்தை இன்னொரு பக்கம் திருப்பி, குரலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, "நீங்க உட்காருங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சட்டையை மடித்து மடியில் வைத்தாள். 

"அந்த முதலாளி வேலை செய்றவங்களை நீங்க, வாங்கன்னு பேசுவாரா?"

"அவரா? இருபது வருஷமாப் பக்கத்துக் கடை. என்னையே நீ, வா, போன்னுதான் பேசுவாரு. அவர் வாயில 'நீங்க' வரணும்னா வந்தவங்க பெரிய இடமா இருக்கணும்."

இதை ஸ்டேஷனில் சொன்னாயிற்றா என்று கேட்டாள். எல்லாம் சொன்னதாகவும், ரைட்டர் தம்பி அது தேவையில்லை என்றுவிட்டதாகவும் அந்தம்மா சொன்னாள்.

"அப்புறம் படிச்சுக் காட்டினாரு. ரேடியோல செய்தி வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. நாம சொன்னதா இம்புட்டு அழகா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அதோடு மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாளாம். மோட்டார் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.



மணி மூன்றே கால். மேலதிகாரியின் அறையில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. பஸ் டிக்கெட் விவகாரத்தில் அந்தத் தலைமை ஆசிரியர் வீட்டுக்கு நேரில் போய்க் கை கூப்பி மன்னிப்புக் கேட்டவர். ஒரு தரம் சூடுபட்டவர், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வாக்கியம் முடிந்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டே அடுத்ததைச் சொன்னாள். வேகமாகப் பேசினால் சொன்னதை யாரும் கேட்க மாட்டார்கள், வேகத்தைத்தான் கேட்பார்கள். வரேன் என்றால் கிளம்புகிறேன் என்று சொன்னாள். போயிட்டு வா என்று ஒருவனை அனுப்பிய அதே வாய் உட்காருங்க என்று இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறது, அந்த இன்னொருவர்தான் வேண்டும் என்று சொன்னாள். தவறான ஆளைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டால் சரியான ஆள் நிம்மதியாகத் தூங்குவான் என்றாள்.

அதிகாரி கேட்டுக்கொண்டார். போனை எடுத்தார். தையல்கார அம்மாவைக் கூப்பிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"வணக்கம். உங்க மிசஸ் இங்கதான் இருக்காங்க. ஒண்ணும் பயப்படாதீங்க. ராத்திரி சரியாத் தூங்கினாங்களா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். செத்தவர் யார், கொன்றவர் யார் என்பதெல்லாம் அப்புறம். இவள் தூங்கினாளா? முதல் கேள்வி அது.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பல்செட்டைத் தேய்க்கும் இயந்திரம் அந்தப் பக்கம் இழுத்து நின்றது.

"நாலரை மணி நேரம் சார்" என்றார் கணவர்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அதிகாரி அவளைப் பார்த்தார். கோப்பை மூடக் கை நீண்டது.

"சார், ஒரு நிமிஷம். அதுக்குக் காரணம் நான். தூங்குறாளான்னு பாக்க ரெண்டு மணிக்கு மூஞ்சியில டார்ச் அடிச்சேன். முழிச்சுட்டா. அதுக்கப்புறம் தூக்கம் வரலை. அவளுக்கு நாலரை மணி நேரம்னு எழுதினேன், டார்ச்சை எழுதலை."

வாசலில் நின்ற காவலர் சிரிப்பை விழுங்கினார். கணவரின் குரல் இன்னும் முடியவில்லை.

"அவ என்ன சொன்னாளோ, அதைச் சரி பாருங்க சார். ஆளைச் சரி பாக்குற வேலைக்கு நான் இருக்கேன்."

அதிகாரி போனை வைத்தார். அடுத்த அழைப்பு தையல்கார அம்மாவுக்குப் போனது. அவள் மறுபடி மூன்று குரலிலும் பேசிக் காட்டினாள். கடைசியில் 'நீங்க உட்காருங்க' வந்தபோது அதிகாரி பேனாவை எடுத்தார்.

தம்பியை வரச் சொன்னார்கள். அலமாரியில் தோளைச் சாய்த்து நின்றான். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுவதுதான் தன் வேலை என்றான். முக்கியமில்லாத பேச்சை விடுவதும் நடைமுறைதான் என்றான்.

"முதுகு வளையாதவன், வார்த்தையை மட்டும் இப்படி வளைச்சிருக்கியே" என்றார் அதிகாரி. அந்தம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதி, நாளைக் காலை பத்து மணிக்குள் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அதுவரை கோப்பு நகராது.

நன்றி சொல்ல எழுந்தாள். அவர் கை காட்டி நிறுத்தினார்.

"உங்களை நம்பி நிறுத்தலை. அந்தம்மாவை நம்பி நிறுத்துறேன். நீங்க போய் நம்பர் போடுங்க."

ஜெயித்துவிட்டாள். ஆனாலும் வராந்தாவில் நடக்கும்போது திட்டு வாங்கின மாதிரிதான் இருந்தது.



சாயங்காலம் தம்பி ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தான். எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது தப்புதான் என்று ஆப்பிளைப் பார்த்துச் சொன்னான். கணவர் அவனைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். அவருக்கு இன்று ஒரே குஷி. டார்ச்சை ஏற்கெனவே பரண் மேல் போட்டாயிற்று.

அவள் தட்டு எடுத்து வைக்கும்போது போன் அடித்தது. தையல்கார அம்மா.

"மேடம், ஒண்ணு மறந்துட்டேன். இப்பத்தான் ஒருத்தங்க துணி வாங்க வந்தாங்க. உட்காருங்கன்னேன், பரவால்லை நிக்கிறேன்னாங்க. அப்பத்தான் பளிச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு முதலாளி உட்காருங்கன்னாரு இல்லையா, அதுக்கு அந்த ஆளு மெல்லிசா ஒரு பதில் சொன்னாரு, குரல்கூடச் சரியாப் பிடிபடலை."

"என்ன பதில்?"

"இருக்கட்டும், நிக்கிறதே சுகம்னாரு."

அடுப்படியிலிருந்து கூடம் தெரிந்தது. கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காரு மாப்ளே."

"இருக்கட்டும் மாமா. நிக்கிறதே சுகம்."

அந்தம்மா இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

கைநோட்டு கிழிந்துபோனது. 'உட்காருங்க' தேவையில்லாமல் போனது. 'வரேன்', 'வருவதாக' ஆனது. மூன்றும் தானாகவே கை கோர்த்துக்கொண்டன. பதினெட்டு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் இப்படித்தான் கை கோர்த்துக்கொண்டன.

யாரிடம் சொல்வது? இந்த வாக்கியத்தை ஊரில் ஆயிரம் பேர் சொல்வார்கள். உன் சொந்தத் தம்பியையா என்பார்கள். அப்புறம் அந்தக் கேள்வி வரும். இன்று தனக்காகப் பேசிய ஒரே மனிதரே நாளைக்கு நோட்டை எடுத்துச் சிவப்பு மையைத் தேடுவார்.

பேசாமல் வந்து உட்கார்ந்தாள். தட்டில் போட்டதைச் சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு முன் யோசனை, சாப்பாட்டுக்குப் பின் தீர்ப்பு.

தம்பி சுவரில் சாய்ந்து, தட்டை நெஞ்சோடு பிடித்துச் சாப்பிட்டான். சின்ன வயதில் இவள் தட்டிலிருந்துதான் பாதி சாப்பிடுவான். கணவர் பல்செட்டை டீக்குள் போட்டுவிட்டுத் தேடிய ஒரு பெரியவரின் கதையைச் சொன்னார். அவன் சிரித்தான். அவளும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்றாள். இந்தச் சாப்பாடு முடிவதற்குள் அந்த யோசனை வீங்கிப் பெருத்து, பைத்தியக்காரத்தனமாக ஆகிவிட வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டாள். நோயாக இருந்துவிட்டுப் போகட்டும். நாளைக்கே டாக்டரிடம் போய்விடலாம்.

தட்டு காலியானது. எழுந்து போய்க் கை கழுவினாள். துடைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

அதே அளவில்தான் இருந்தது.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"வரேன்க்கா."

கணவர், போயிட்டு வா என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து நீ, வாடா, போடா என்று கூப்பிட்டு வளர்த்தவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க உட்காருங்க."

கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி விளையாடுகிறாள் என்று நினைத்துத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தம்பியின் வாய் வழக்கமான பதிலுக்குத் திறந்தது. 'இருக்கட்டும்' என்கிற வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தான். நாற்காலியின் விளிம்பைப் பிடித்தான். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உட்கார்ந்தான்.